கட்டுச்சோறும் சத்திரமும்

லீவு விட்டால் எந்த ஊருக்குப் போகலாம், எந்த லாட்ஜில் தங்கலாம், எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பேசுவது இப்போது நம் வீடுகளிலும் சகஜமாகிவிட்டது. படித்து, உத்தியோகத்துக்குப் போய், கையில் நாலு காசு பார்த்த தலைமுறை நாம். ஆனால் இந்தப் பேச்சு நம் வீட்டுக்குள் வந்து எத்தனை வருஷமாகிறது? என் அப்பா காலத்தில் எது நல்ல ஓட்டல் என்று யாரும் கேட்டதில்லை. "எவன் ஊரு பேரு கேக்காம உள்ள விடுவான்?" என்றுதான் கேட்டார்கள்.

என் அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1978 கோடையில் எங்களை ராமேஸ்வரம் கூட்டிப் போனார். அம்மா மூன்று நாளைக்குக் கணக்குப் பண்ணி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளிச்சோறு கிண்டி, இரண்டு தூக்குச் சட்டியில் அமுக்கி எடுத்துக்கொண்டாள். ஒரு கூஜா தண்ணீர். தொட்டுக்கொள்ள வறுத்த கடலையும் துவையலும். வழியில் மதுரையில் ஒரு ராத்திரி. ஊருக்குள் எத்தனையோ லாட்ஜ் இருக்க, அப்பா ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே துண்டை விரித்துவிட்டார். "டேசன்ல டிக்கெட்டுத்தான் கேப்பான், சாதி கேக்க மாட்டான்" என்றார். காசு மிச்சம் பிடிக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரம். பெயர் வேண்டாம். கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்து பேனாவைத் திறந்து, "எந்த ஊரு?" என்றார். அப்பா சொன்னார். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு, "காலனி" என்றார். பேனா மூடப்பட்டது. "ரூமெல்லாம் ஃபுல்லாயிருச்சுங்க சார்" என்று மரியாதையாகத்தான் சொன்னார் அந்த மனிதர். எங்களுக்குப் பின்னால் நின்றவர் சாவி வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அன்று ராத்திரி கடற்கரை மணலில் படுத்தோம். அந்தப் பயணத்துக்குப் பிறகு எந்த லாட்ஜ் பேரேட்டிலும் அப்பா எங்கள் ஊர்ப் பெயரை எழுதியதில்லை. தாலுகா தலைநகரத்தின் பெயரைத்தான் எழுதுவார். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை முட்டிபோட வைக்கிற மனுஷன் அவர்.

அப்பாவுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. அவருக்கு அறுபது வருஷம் முன்னால் இன்னொருவர் இன்னொரு பேரேட்டில் இதையேதான் செய்திருந்தார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன்னைப் படிக்கவைத்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர 1917இல் வந்து இறங்கிய அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. இந்து விடுதியில் விடமாட்டார்கள் என்பது தெரிந்த விஷயம். பார்சிகளின் விடுதி ஒன்றுக்குப் போனார். பார்சிகளுக்கு மட்டும்தான் இடம், பேரேட்டில் பெயர் எழுதியாக வேண்டும் என்றார் காவலாளி. ஆள் வராத விடுதி. அவருக்கும் வருமானம் வேண்டும். ஒரு பார்சிப் பெயரை எழுதிவைப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சாப்பாடும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை ரூபாய். உடைந்த நாற்காலியும் குப்பையும் வௌவாலும் நிறைந்த அந்த மாடியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பத்து நாள் கழிந்தது. பதினோராம் நாள் தடிகளோடு ஒரு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ண வேண்டும். இந்து நண்பர் ஒருவரைக் கேட்டார். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறிஸ்தவ நண்பர், மனைவி ஊரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். பம்பாய் ரயில் ராத்திரி ஒன்பது மணிக்கு. அதுவரை பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது என்று அவர் பிற்பாடு எழுதினார். நியூயார்க்கிலும் லண்டனிலும் அறை எடுத்துத் தங்கியவருக்குச் சொந்த நாட்டில்தான் இது. 1930களில் எழுதி, அவர் காலத்தில் அச்சேறாமல், நூற்றாண்டு நெருங்கிய 1990இல்தான் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' சிறு நூலாக வந்தது. சொந்த மண்ணில் விசா கேட்டு நிற்பவனின் குறிப்புகள் அவை. அதில் பாதிக்கு மேல் பயணக் கதைகள் என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கோயிலையும் கிணற்றையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு வண்டியையும் விடுதியையும் பற்றிப் பேசுவதில்லை.

முதல் கதை 1901. கோடை விடுமுறைக்கு அப்பா வேலை பார்க்கிற கோரேகாவ்னுக்கு அண்ணனோடும் அக்கா மகன்களோடும் சத்தாராவிலிருந்து கிளம்புகிறான் ஒன்பது, பத்து வயதுப் பையன் பீமராவ். முதல் ரயில் பயணம். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி. விடுமுறைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் இருக்கிற குஷிதான். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப் போக ஆள் வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் பிள்ளைகள் என்று கேட்டதும் முகம் மாறிப் பின்னால் நகர்ந்துவிட்டார். எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டை வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான் என்று ஏற்பாடு. ராத்திரி வழியில் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தார்கள். வீட்டில் கட்டிக்கொடுத்த சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. பக்கத்து ஆற்றுப்படுகையில் கிடந்தது சேறும் மாட்டு மூத்திரமும். கூடையை மூடிவிட்டார்கள். சுங்கச்சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லித் தண்ணீர் கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டினியாகத் தூங்கினார்கள்.

கட்டுச்சோறு நம்மைக் காப்பாற்றும் என்று அப்பா நம்பினார். பாதிதான் காப்பாற்றும். சோற்றைக் கட்டிக்கொண்டு போகலாம், மூன்று நாளைக்குத் தண்ணீரை எப்படிக் கட்டிக்கொண்டு போவது? எங்கள் கூஜா மானாமதுரை தாண்டுவதற்குள் காலியாகிவிட்டது.

எட்டு வருஷம் முன்னால், 1893இல், தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து காந்தி இறக்கிவிடப்பட்டதை நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதே பயணத்தில் ஜோகன்னஸ்பர்க் ஓட்டலில் அறை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியதும் அவர் சுயசரிதையில் இருக்கிறது. அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மசூர் ஸ்டேஷன் ஏன் பாடப்புத்தகத்தில் அதற்குச் சமமான இடத்தைப் பிடிக்கவில்லை? வெள்ளைக்காரன் செய்தால் வரலாறு. ஊர்க்காரன் செய்தால் வழக்கம். என்னோடு படித்த சாதி இந்து நண்பர்களுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் மனப்பாடம். மசூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

1934இல் ஒரு உல்லாசப் பயணமே கசந்துபோயிற்று. இயக்கத் தோழர்கள் முப்பது பேர் அம்பேத்கரோடு எல்லோரா குகைகளைப் பார்க்க பஸ்ஸில் கிளம்பினார்கள். பௌத்தக் குகைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. வழியில் தௌலதாபாத் கோட்டை, அப்போது ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்தது. ரம்ஜான் மாதம். கோட்டை வாசலுக்கு வெளியே தளும்பத் தளும்ப ஒரு குளம். பயணப் புழுதியில் வந்தவர்கள் கைகால் முகம் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஒரு முதியவர் ஓடிவர, கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவனைக் கூட அனுப்பிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். பரோடாவில் பார்சி, தௌலதாபாத்தில் முஸ்லிம். வேற்று மதத்தானுக்கும் இந்து கற்றுக்கொடுத்த பாடம் அது என்று சொல்லி நாம் ஆறுதல் அடையலாம். தாகத்தோடு நிற்கிறவனுக்கு அந்த ஆறுதலால் என்ன பயன்?

இன்னொரு பக்கமும் உண்டு. 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகு, மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். சோற்றை மண்ணில் கொட்டினார்கள். அன்று அடிபட்டவர்களில் பலருக்கு அடைக்கலம் கொடுத்தவை அந்த ஊர் முஸ்லிம் வீடுகள். அம்பேத்கர் தங்கியிருந்தது சர்க்கார் பங்களா. வெள்ளைக்காரன் கட்டிய ஸ்டேஷன், சர்க்கார் பங்களா, மாதாகோயில், பாய் கடை: நம் முன்னோர் இரவு தங்கிய, கை நனைத்த இடங்களின் பட்டியல் இப்படித்தான் இருக்கும்.

சத்திரங்கள் இல்லாமலா போயின? தர்மம் என்றால் தமிழ்நாட்டில் உடனே சத்திரத்தைத்தான் காட்டுவார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். மதுரையில் ராணி மங்கம்மாள் சத்திரம் ரயிலடிக்கு எதிரிலேயே நிற்கிறது. 1801இல் இரண்டாம் சரபோஜி கம்பெனி ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பார்ப்பனர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் சத்திரத்தில் சோறு போடப்படுகிறது, சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் தரப்படுகின்றன என்கிறார். இதை மறைக்க வேண்டியதில்லை. நாமும் எடுத்துச் சொல்ல வேண்டிய ஆவணம்தான். ஆனால் சோறு உண்டு என்பதும் பந்தி ஒன்று என்பதும் ஒன்றல்ல. சமைத்த சோற்றை வேண்டாம் என்று சொல்லும் வசதி யாருக்கு இருந்தது, எதற்காக வேண்டாம் என்றார்கள் என்று யோசித்தாலே மீதி விளங்கும்.

1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமய்யர் தெலுங்கில் எழுதிய யாத்திரைக் குறிப்பு, தென்னாட்டுப் பயண நூல்களில் முன்னோடி. சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி வேலை பார்த்தவர். பெரும் பரிவாரத்தோடு பதினைந்து மாதம் பயணம் செய்தார். ஒவ்வொரு தங்கலிலும் பார்ப்பனர் வீடுகள் இருக்கின்றனவா, தண்ணீர் வசதி எப்படி, கடையில் சாமான் கிடைக்குமா என்று குறித்துக்கொண்டே போகிறார். பின்னால் வரும் தன் சாதியாருக்கு உபயோகமான கையேடு. குறை சொல்லவில்லை. அக்கிரகாரம் இருக்கிற ஊரிலெல்லாம் அவருக்கு வீடு இருந்தது.

நமக்கு அப்படி ஒரு கையேடு அச்சானதில்லை. அமெரிக்கக் கறுப்பர்களுக்கு இருந்தது. நியூயார்க் ஹார்லமில் குடியிருந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் ஆரம்பித்த 'கிரீன் புக்', எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பரை ஏற்கும், எந்த ஓட்டலில் சாப்பிடலாம், எந்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தலாம் என்று பட்டியல் போட்டது. சிவில் உரிமைச் சட்டம் 1964இல் வந்த பிறகு, 1966-67 பதிப்போடு நின்றுபோனது. நம் பட்டியல் வாய்வழிப் பட்டியல். "அந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்கு உள்ள இருக்கிற கடையில மட்டும் டீ குடி. வெளிய உள்ள கடைக்குப் போகாத, செரட்டையில ஊத்துவான்." "ராத்திரி ஆயிட்டா இன்ன ஊர்ச் சேரியில நம்ம அத்தை வகையறா இருக்கு." எங்கள் பெரியப்பா ஒருத்தருக்கு மூன்று மாவட்டத்துச் சேரிகளும் அத்துப்படி. அந்தப் பட்டியல் அவரோடு போய்விட்டது.

காபி கிளப்புகளும் ஓட்டல்களும் வந்தபோது சாதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 'பிராமணாள்' பலகை, உள்ளே தனித் தடுப்பு. ரயில்வே சாப்பாட்டு அறைகளிலேயே பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி என்று இருந்தது; பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் நாள்கணக்கில் மறியல் செய்து திராவிடர் கழகத்தார் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தின் மதிப்பைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். பலகையில் எழுதியிருந்தவன் பெயரை அழிக்கப் போராட்டம் நடந்தது. பலகையே வைக்காமல் பெஞ்சை மட்டும் பிரித்துப் போட்டவன்? இரண்டு வகை டம்ளர் வைத்தவன்? கிராமத்து டீக்கடையில் எந்தச் சாதிப் பெயரும் எழுதியிருக்கவில்லை. கடை நடத்தியவன் பெரும்பாலும் பார்ப்பானும் இல்லை. 'மற்றவர்' என்ற அந்தப் பகுதிக்குள் நாமும் இருந்தோமா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை.

பொது இடங்களுக்கான உரிமையைச் சட்டமாக்க உழைத்தவர்கள் நம்மவர்களே. 1924இல் சென்னை சட்டசபையில் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார் ரெட்டமலை சீனிவாசன். 1938இல் எம்.சி. ராஜா முன்னின்று சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. பிறகு அரசியல் சாசனம். கடை, ஓட்டல், பொது உணவகம் எதிலும் சாதி பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்ற விதி 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. கடை என்றால் என்ன என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். உள்ளே நுழைய விடுவதோடு முடிவதல்ல, கூலி கொடுக்கத் தயாராக இருப்பவனுக்குச் சேவை செய்தாக வேண்டும் என்ற விரிந்த பொருளில் அந்தச் சொல் வருகிறது என்று பதில் சொன்னவர் அம்பேத்கர். பரோடாவில் ஒன்றரை ரூபாய் வாடகை கொடுத்துத் தங்கி, தடியடிக்குப் பயந்து வெளியேறியவர். பதினைந்தாவது விதியைப் படிக்கிற மாணவர்கள் அந்தப் பார்சி விடுதி மாடியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. ஓட்டலுக்குள் நுழைவது மட்டுமல்ல. ஓட்டலிலும் சத்திரத்திலும் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம். ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் பாத்திரத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. 1976இல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறி, குறைந்தபட்சத் தண்டனையும் சேர்க்கப்பட்டது. நாங்கள் ராமேஸ்வரத்தில் நின்றது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. கணக்குப்பிள்ளை எங்களைத் தடுக்கவே இல்லையே! ரூம் இல்லை என்றார், அவ்வளவுதான். அதற்குச் சாட்சி யார்? ஏழு வயதுப் பையனான நானா? தவிர, இது எங்கள் சமூகத்தார் டிரஸ்ட், பொதுச் சத்திரம் அல்ல என்று சொல்லிவிட்டால் வழக்கு இன்னும் நீளும். புண்ணியத் தலங்கள் எதிலும் ஒரு தெரு நடந்து பாருங்கள். எந்தெந்தச் சாதியாருக்கு மடமும் மண்டபமும் விடுதியும் இருக்கின்றன, யாருக்கு இல்லை என்பது வாசல் பலகைகளிலேயே தெரியும்.

நகரத்து லாட்ஜில் இன்று யாரும் சாதி கேட்பதில்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மை. காசும் கூட்டமும் அந்த அளவுக்கு நல்லது செய்திருக்கின்றன. ஆனால் மலைப்பிரதேசங்களில் வீட்டோடு வாடகைக்கு விடுகிற இடங்களில் போன் பண்ணினால், "நீங்க வெஜ்ஜா?" என்பதில் ஆரம்பித்து, "பூர்வீகம் எது?" என்று வந்து நிற்கிறார்கள். லாட்ஜ் பேரேட்டின் இடத்தை ஆதார் அட்டையின் நகல் பிடித்துக்கொண்டது. அதில் தெரு, ஊர் எல்லாம் அரசாங்கமே அச்சடித்துத் தருகிறது. தாலுகா தலைநகரத்தின் பெயரை எழுதித் தப்பிக்க முடியாது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். செய்தியை வாசித்தபோது எனக்கு அந்தக் கணக்குப்பிள்ளை பேனாவை மூடிய சத்தம்தான் கேட்டது. அப்பா இருந்திருந்தால் "சரி, இனிமே என்ன கேப்பானாம்?" என்றிருப்பார்.

பெரியப்பாவோடு போன பட்டியலை இனி மீட்க முடியாது. ஆனால் இதைப் படிக்கிற தோழர்கள் வீட்டில் எழுபது எண்பது வயதில் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். சந்தைக்கும் கோர்ட்டுக்கும் வேளாங்கண்ணிக்கும் போனபோது எங்கே படுத்தார்கள், சோற்றை எந்த மரத்தடியில் பிரித்தார்கள், எந்தச் சாவடியிலிருந்து எழுப்பிவிட்டார்கள் என்று கேளுங்கள். கேட்காமலே எல்லாருக்கும் கொடுத்த அதே டம்ளரில் டீ கொடுத்த கடை எந்த ஊரில் இருந்தது, பொழுது சாய்ந்த பிறகு திண்ணையில் படுக்கச் சொல்லிக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்த வீடு யாருடையது என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.